டிரெய்லர் ஆபீஸ் கணக்கு: மேக்ரோவிலிருந்து எஸ்கியூஎல்லுக்கு

தண்டையார்பேட்டையில் ஒரு டிரெய்லர் ஆபீஸ். சொந்த வண்டி பதினாலு, சீசனில் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது சில. முழுக்க கன்டெய்னர் வேலைதான்: மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளுக்கும் சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கும் நடுவே போய்வருவது. இத்தனை வருஷமும் ட்ரிப் கணக்கு ஒரு எக்ஸெல் மேக்ரோவில், அதாவது எக்ஸெலுக்குள் எழுதிவைத்த புரோகிராமில், ஓடியது. போன மாதக் கணக்கை அந்த மேக்ரோவைத் திறக்காமல் எஸ்கியூஎல்லில் போட்டேன், சில இடத்தில் மட்டும் பைத்தான் துணையோடு. எஸ்கியூஎல் என்பது டேட்டாபேஸிடம் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கேட்கும் மொழி. கணக்கு பார்க்கும் அக்காவின் நோட்டோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

அந்த மேக்ரோ மோசமானது இல்லை. எழுதியவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. ஆனால் 900 வரிக்கு மேல். முதல் ஷீட்டில் முதல் வரியில் ஆரம்பி, வண்டி நம்பரை எடு, டீசல் ஷீட்டுக்குப் போ, அங்கே ஒவ்வொரு வரியாகத் தேடு, கிடைத்தால் கூட்டு, இல்லையென்றால் அடுத்தது என்று லூப்புக்குள் லூப்பாகப் போகும். வாடகை ரேட் எல்லாம் இஃப் ஏணியில்: மணலியிலிருந்து சென்னைத் துறைமுக ஜீரோ கேட், 20 அடி, லோடு என்றால் இவ்வளவு, எம்டி (காலி) என்றால் இவ்வளவு, 40 அடி என்றால் வேறு. டீசல் ஏறி ரேட் மாறினால் புரோகிராமுக்குள் நாலு இடத்தில் திருத்த வேண்டும். திருத்திய பிறகு பழைய மாதத்து பில்லின் நகலை எடுத்தால் அதுவும் புது ரேட்டில் வரும். பார்ட்டி யாராவது ஆறு மாதத்துக்கு முந்தைய பில் கேட்டால் ஆபீஸே திருதிருவென்று முழிக்கும்.

செலவு பெரிதாக இல்லை. ஆபீஸில் இருந்தது 4 ஜிபி ரேம் போட்ட பழைய கம்ப்யூட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 1,700 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது, புதுசு 950. எஸ்கியூலைட் (எஸ்கியூஎல் புரியும் சின்ன டேட்டாபேஸ்), பைத்தான் (படிப்படியாகப் புரோகிராம் எழுதும் மொழி), டேபிளைத் திறந்து பார்க்க ஒரு பிரௌசர் என்று மென்பொருள் எல்லாமே இலவசம். சர்வர் ஏதும் வேண்டாம், டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல், பென் டிரைவில் காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. அந்த ஃபைலை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு ரெண்டு கம்ப்யூட்டரிலிருந்து எழுதலாம் என்று மேனேஜர் அண்ணன் யோசனை சொன்னார். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும் பூட்டு நெட்வொர்க் ஃபோல்டரில் சரியாக விழாது, ஃபைலே கெட்டுப்போகலாம் என்று எஸ்கியூலைட் செய்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள். எழுதுவது ஒரே கம்ப்யூட்டரில்தான் என்று முடித்துக்கொண்டோம்.

முதல் வேலை பழைய டேட்டாவை ஏற்றுவது. இதற்கு எஸ்கியூஎல் உதவாது. ஷீட் ஷீட்டாகப் படித்து, தேதியைச் சரிசெய்து, வண்டி நம்பரைத் துடைத்து உள்ளே தள்ளுவது படிப்படியான வேலை, அதனால் பைத்தான். ட்ரிப் 24,000 வரி, டீசல் பில் 20,000 வரி, அட்வான்ஸ் தனி டேபிள், ரேட் தனி டேபிள். ஏற்றி முடித்து டீசலைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதத் தொகை அநியாயத்துக்குக் குறைவு. எங்கேயும் எர்ரர் இல்லை. ஒவ்வொரு பில்லாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சில பில்களில் தொகை 12,500 என்று கமாவோடு டைப் செய்யப்பட்டிருந்தது. எண்களுக்கான பத்தி (நெடுவரிசை) என்று நான் அறிவித்திருந்தாலும் எஸ்கியூலைட் சாதாரண டேபிளில் அதை எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளும். கூட்டும்போது கமாவுக்கு முன்னால் உள்ள 12 மட்டும் கணக்கில் சேரும். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பன்னிரண்டு ரூபாய் ஆகிவிட்டது.

இதற்கு மருந்து, டேபிளை உருவாக்கும்போது கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்று ஒரு சொல் சேர்ப்பது. அது 2021ல் வந்த எஸ்கியூலைட் 3.37 பதிப்பிலிருந்துதான் உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பைத்தானுக்குள் அதைவிடப் பழைய எஸ்கியூலைட், ஆகவே பைத்தானையே புதுசாகப் போட வேண்டியிருந்தது. போட்டு மறுபடி ஏற்றியதும் கமா வைத்த ஒவ்வொரு வரியும் வாசலிலேயே மாட்டிக்கொண்டது.

கன்டெய்னர் நம்பருக்கும் இதேபோல ஒரு காவல் வைத்தேன். நாலு எழுத்து, ஏழு எண், நாலாவது எழுத்து யூ. இதை டேபிளிலேயே விதியாக எழுதிவிடலாம். நுழைக்கிற வழி எதுவானாலும் விதி பொருந்தும், அதுதான் இதில் சுகம். மேக்ரோவில் இதையே மூணு இடத்தில் சோதித்திருந்தார்கள், நாலாவது இடத்தில் விட்டிருந்தார்கள். ஆசை இதோடு நிற்கவில்லை. ஏழாவது எண் சும்மா வருவதில்லை, அது சரிபார்ப்பு எண்: முதல் பத்து இடத்துக்கும் மதிப்பு வைத்து, 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதி (10 வந்தால் 0). எழுத்துகளுக்கு 10லிருந்து 38 வரை மதிப்பு, நடுவில் 11, 22, 33 கிடையாது. இதை எஸ்கியூஎல்லில் எழுதப் போனால் முழுப் பக்கம் ஆகிறது, படிக்கவும் முடியவில்லை. பைத்தானில் எட்டு வரி. எழுதி, எஸ்கியூலைட்டுக்கு ஒரு ஃபங்ஷனாக (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கணக்குப் போட்டுத் தரும் துண்டு) அறிமுகப்படுத்தி, டேபிள் விதியில் சேர்த்தேன். மறுநாள் அக்கா பிரௌசரில் நேரடியாக ஒரு ட்ரிப்பைச் சேர்க்கப் போனால் அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று எர்ரர். என் பைத்தான் ஃபங்ஷன் பைத்தான் வழியாகத் திறக்கும்போது மட்டும்தானே இருக்கும்! விதியிலிருந்து அதை எடுத்துவிட்டு, ராத்திரி ஓடும் சோதனையில் போட்டேன். வடிவத்தை டேபிள் பார்த்துக்கொள்ளும், சரிபார்ப்பு எண்ணைப் பைத்தான் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து வந்ததுதான் இந்த வேலையின் தேன்நிலவு. முதலாளி எட்டிப் பார்த்து, “தம்பி, எந்தப் பார்ட்டிக்கு நாப்பது அடி எம்டி அதிகமா ஓட்றோம்?” என்றார். ஆறு வரி. டீ வருவதற்குள் பதில் திரையில். “அத மாசவாரியா குடு” என்றார். ஒரு பத்தி சேர்த்தேன். “காட்டுப்பள்ளிய மட்டும் தனியா.” ஒரு நிபந்தனை சேர்த்தேன். மேக்ரோ காலத்தில் இந்த மூணு கேள்விக்கும் மூணு சாயங்காலம் போயிருக்கும், மூன்றாவது கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார். என்னைக் கேட்டால் உண்மையான லாபம் இங்கேதான். புரோகிராம் சீக்கிரம் எழுதலாம் என்பதைவிட, ஆபீஸ்காரர்கள் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கத் துணிகிறார்கள்.

தேன்நிலவு முடிந்தது மாதாந்திர ட்ரிப் ரிப்போர்ட்டில். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் அட்வான்ஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று ஒரே க்வெரியில் (எஸ்கியூஎல்லில் எழுதும் கேள்வி) கேட்டேன்: ட்ரிப்போடு அட்வான்ஸை ஜாயின் பண்ணு (ட்ரிப் நம்பர் ஒத்த வரிகளை ஜோடி சேர்), டீசலை ஜாயின் பண்ணு, ட்ரிப்வாரியாகக் கூட்டு. படிக்க அழகாக இருந்தது. அக்கா தாளை வாங்கி ரெண்டாவது வரியிலேயே விரலை வைத்தார். “யாருப்பா இது, ஒரே ட்ரிப்புக்கு பதினஞ்சாயிரம் அட்வான்ஸ்? நம்ம முதலாளி குடுத்துட்டாரா?”

அந்த ட்ரிப்பின் நிஜக் கணக்கு இது. அட்வான்ஸ் ரெண்டு தடவை: 3,000, 2,000. டீசல் மூணு பில்: 6,000, 4,500, 3,500. ஆக அட்வான்ஸ் 5,000, டீசல் 14,000. ரெண்டையும் ஒன்றாக ஜாயின் செய்தால் ஒவ்வொரு அட்வான்ஸும் ஒவ்வொரு டீசல் பில்லோடும் ஜோடி சேரும். ரெண்டு பெருக்கல் மூணு, ஆறு வரி. அதில் ஒவ்வொரு அட்வான்ஸும் மூணு முறை, ஒவ்வொரு டீசல் பில்லும் ரெண்டு முறை. கூட்டினால் 15,000, 28,000. ஒரு அட்வான்ஸ், ஒரு டீசல் பில் உள்ள ட்ரிப்பெல்லாம் சரியாகவே வந்திருந்தது, பெரும்பாலான ட்ரிப் அப்படித்தான். அதனால்தான் நான் மேலோட்டமாகச் சோதித்தபோது தப்பிவிட்டது.

மேக்ரோவில் இப்படி ஒரு தவறு நடந்தால் லூப்புக்குள் ஒரு மெசேஜ் பாக்ஸ் வைத்து, எந்தச் சுற்றில் தொகை ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். இங்கே சுற்றே கிடையாது. கேள்வி ஒன்று, பதில் ஒன்று, நடுவில் எட்டிப்பார்க்க ஜன்னல் இல்லை. கூட்டலை எடுத்துவிட்டு, ஒரே ஒரு ட்ரிப் நம்பரை மட்டும் கேட்டு, வரும் கூட்டாத வரிகளைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. ஆறு வரி வந்ததும் புரிந்தது. அட்வான்ஸை ட்ரிப்வாரியாகத் தனியே கூட்டி ஒரு துண்டு, டீசலைத் தனியே கூட்டி ஒரு துண்டு, பிறகு மூன்றையும் சேர்த்தேன். சரியானது.

இதே பேய் ரேட் டேபிளில் வேறு வேஷத்தில் வந்தது. ரேட்டுக்கு ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி ரெண்டும் வைத்திருந்தேன். பழைய ரேட் முடியும் நாளும் புது ரேட் தொடங்கும் நாளும் ஒன்றாகிவிட்ட இடத்தில் அன்றைய ட்ரிப்புக்கு ரெண்டு ரேட் பொருந்தி, வாடகை ரெண்டு முறை விழுந்தது. முடிவுத் தேதியையே தூக்கிவிட்டேன். இப்போது ஆரம்பத் தேதி மட்டும், ட்ரிப் தேதிக்கு முந்தியதில் கடைசியாக வந்த ரேட் எதுவோ அது. ஒரே ரூட்டுக்கு ஒரே நாளில் ரெண்டு ரேட் நுழையாதபடி டேபிளிலேயே தடை. பழைய பில்லின் நகல் இப்போது பழைய ரேட்டிலேயே வருகிறது.

இதன் எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து. புதிதாக ஒரு யார்டுக்கு வண்டி போனது, ரேட் இன்னும் ஏற்றவில்லை. சாதாரண ஜாயினில் ஜோடி இல்லாத வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். அந்த ட்ரிப்புகள் பில்லிலேயே இல்லை. கூடுதலாக வந்தால் பார்ட்டி சண்டைக்கு வருவான், குறைந்து வந்தால் யார் சொல்லப்போகிறார்கள்? ஜோடி இல்லாத ட்ரிப்பையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயினுக்கு மாற்றி, ரேட் காலியாக உள்ள ட்ரிப்புகளைத் தனியாகக் காட்டும் ஒரு க்வெரி போட்டேன்.

பிறகு நல், அதாவது டேபிளில் மதிப்பு இல்லாத காலிக் கட்டம். டீசல் பில்லே வராத ட்ரிப் எவை என்று மேனேஜர் அண்ணன் கேட்டார். டீசல் டேபிளில் உள்ள ட்ரிப் நம்பர்களில் இல்லாத ட்ரிப்புகளைக் கொடு என்று நாட் இன் போட்டு எழுதினேன். பதில் பூஜ்யம். ஒரு பில்கூட பாக்கி இல்லையாம். அண்ணன் சிரித்தார்: “அப்போ காலைல இருந்து நான் போன்ல யார்கிட்ட பில்லு கேட்டுனு இருக்கேன்?” காரணம், ட்ரிப் நம்பர் இல்லாத டீசல் பில் ஒன்று. ட்ரிப் ஒதுக்குவதற்கு முன்னாலேயே டிரைவர் டேங்க் நிரப்பியிருந்தார், அந்தக் கட்டம் காலி. பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும், இந்த ட்ரிப் அந்தப் பட்டியலில் இல்லை என்று எஸ்கியூஎல்லால் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்தக் காலிக் கட்டம் இதே ட்ரிப்பாகவும் இருக்கலாமே. உறுதியாகத் தெரியாததைக் கொடுக்காது, ஆக ஒன்றையுமே கொடுக்காது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு, ஜோடி பில் ஒன்றுகூட இல்லாத ட்ரிப் எது என்று கேட்கும்படி மாற்றியதும் பட்டியல் வந்தது. அண்ணன் போனில் துரத்திக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள்.

வேகத்திலும் ஒரு பாடம். வண்டி நம்பர் ஒரு டேபிளில் இடைவெளியோடும் இன்னொன்றில் கோடு போட்டும் இருந்ததால், ஒப்பிடும்போதே ரெண்டு பக்கமும் துடைத்து ஒப்பிடு என்று க்வெரியில் எழுதினேன். ஓட விட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. க்வெரி எப்படி ஓடப்போகிறது என்று முன்கூட்டியே கேட்க எஸ்கியூலைட்டில் ஒரு வழி உண்டு, எக்ஸ்ப்ளெயின் க்வெரி பிளான். கேட்டால் ரெண்டு டேபிளுக்கும் ஸ்கேன், அதாவது முழுக்க வரி வரியாகப் புரட்டுவது, என்றது. 24,000 ட்ரிப்புக்கும் 20,000 பில்லையும் புரட்டினால் 48 கோடி ஒப்பீடு, ஒவ்வொன்றிலும் துடைப்பு வேறு. நம்பரைச் சுற்றி ஃபங்ஷன் போட்டுவிட்டதால் சாதா இன்டெக்ஸும் (சட்டென்று தேட உதவும் வரிசைப் பட்டியல்) உதவாது. ஏற்றும்போதே பைத்தானில் ஒருமுறை துடைத்து, இன்டெக்ஸ் போட்டதும் ஸ்கேன் என்ற இடத்தில் சர்ச் வந்தது, க்வெரி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. எப்படிச் செய்வது என்பதை நீ யோசிக்க வேண்டாம் என்றுதான் இந்த மொழிகளை விற்கிறார்கள். பாதி நிஜம். மெதுவானால் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துதான் ஆகவேண்டும்.

மைலேஜ் கணக்கு நன்றாகவே அமைந்தது. ஒரு வண்டியின் பில்களைத் தேதி வரிசையில் வைத்து, முந்தைய பில்லின் கிலோமீட்டரை முந்தைய வரியை எட்டிப் பார்க்கும் லேக் என்ற விண்டோ ஃபங்ஷனால் எடுத்துக் கழித்தால் போதும். ஒரு வண்டிக்கு மட்டும் மைனஸ் 140 கிலோமீட்டர் வந்தது. ஒரே தேதியில் ரெண்டு பில், நேரம் பதியவில்லை. வரிசை சொல்லாத இடத்தில் அது தன் இஷ்டத்துக்கு அடுக்கும். தேதிக்குப் பிறகு கிலோமீட்டரையும் வரிசையில் சேர்த்தேன்.

தோற்ற இடம் டிரைவர் செட்டில்மென்ட். அட்வான்ஸில் மிச்சம் இருந்தால் அடுத்த ட்ரிப்புக்குத் தள்ளணும், பழைய மிச்சம் முதலில் கழியணும், டிரைவர் வண்டி மாறினாலும் மிச்சம் அவரோடு போகணும். எஸ்கியூஎல்லில் முடியாது என்றில்லை. அட்வான்ஸுக்கு ஓடும் மொத்தம் (அதுவரை வந்ததன் கூட்டல்), செலவுக்கு ஓடும் மொத்தம் போட்டு, ரெண்டும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படுகிறதோ அந்த நீளத்தை எடுக்கலாம். நாற்பது வரியில் எழுதினேன், விடையும் சரி. ஆனால் ஒரு டிரைவர் வந்து, “என் ஆயிரம் ரூபா எங்க கழிஞ்சது, காட்டு” என்று கேட்டபோது என் க்வெரியை வைத்து என்னாலேயே காட்ட முடியவில்லை. பைத்தானில் பழைய லூப்பாக எழுதிவிட்டேன். பழைய அட்வான்ஸை எடு, கழி, மிச்சத்தை வை. ஒவ்வொரு படியையும் ஒரு வரியாக அச்சடிக்கிறது, டிரைவர் விரல் வைத்துப் படித்துப் பார்த்துக்கொள்கிறார். வரிசைதான் நியாயம் என்கிற கணக்குக்கு வரிசையாகச் சொல்கிற மொழியே சரி.

அக்கா கதை தனி. எஸ்கியூஎல்லின் முதல் வடிவத்தை 1974ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்டபோது, கம்ப்யூட்டர் நிபுணர் அல்லாதவர்களுக்கான மொழி என்றுதான் சொன்னார்கள். அவர்கள் கொடுத்த உதாரணங்களில் முதலில் இருப்பதே கணக்கர்கள். அம்பது வருஷம் கழித்து ஒரு கணக்கரை உட்கார வைத்துப் பார்த்தேன். நிபந்தனை எழுதுவது அக்காவுக்கு ஒரே உட்காரலில் வந்துவிட்டது, ஜாயின் வரவில்லை. ஆகவே ஜாயினையெல்லாம் நானே எழுதி வியூவாக (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி) வைத்துவிட்டேன். எஸ்கியூலைட் தமிழ்ப் பெயரை மேற்கோள் குறிகூட இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது, அதனால் டீசல்_பாக்கி, ரேட்_இல்லை, ட்ரிப்_கணக்கு என்றே பெயர். செலக்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அடிக்க ஒரு கீபோர்டு, தமிழ்ப் பெயர் அடிக்க இன்னொன்று என்று மாற்றி மாற்றி அடிப்பது தொல்லைதான். அக்கா பழைய க்வெரியைக் காப்பி செய்து தேதியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்.

மொத்தத்தில் 900 வரி மேக்ரோ இருந்த இடத்தில் இப்போது 160 வரி எஸ்கியூஎல், 200 வரி பைத்தான். எழுதிய நேரத்தைவிடச் சரிபார்த்த நேரம் அதிகம். இன்னொரு ஆபீஸுக்குச் செய்வதாக இருந்தால், முதல் நாளே ஸ்ட்ரிக்ட் டேபிள். ரிப்போர்ட்டுக்கு முன்னாலேயே சோதனை க்வெரிகள்: ஜாயினுக்கு முன்னும் பின்னும் ட்ரிப் எண்ணிக்கை ஒன்றா, ரிப்போர்ட்டின் டீசல் மொத்தமும் டீசல் டேபிளின் மொத்தமும் ஒன்றா. இவை இப்போது அச்சடிக்கும் முன் தானாக ஓடுகின்றன, ஒரு ரூபாய் இடித்தாலும் பிரிண்ட் வராது. சோதனைக்கு எடுக்கிற மாதிரி டேட்டாவும் நல்ல ட்ரிப்பாக இருக்கக்கூடாது. ரெண்டு அட்வான்ஸ், மூணு பில், காலிக் கட்டம், ரேட் இல்லாத யார்டு என்று கோணலாக உள்ள ட்ரிப்பாகப் பொறுக்கி வைக்கவேண்டும்.

பாக்கி இருப்பது ஹால்டிங் சார்ஜ். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி வரிசையில் நின்றாலும் யார்டுக்குள் லோடு இறங்காமல் நின்றாலும் பார்ட்டியிடம் நாள் கணக்கில் வாங்க வேண்டும். எத்தனை மணி நேரம் வரை இலவசம், அதற்குமேல் எவ்வளவு என்று விதியைக் கேட்டேன், டேபிளில் ஏற்றிவிடலாமே என்று. முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். “அதெல்லாம் ஒரு கணக்கு இல்ல தம்பி. பார்ட்டியப் பாத்துப் போடுவோம்.” அந்தப் பத்தியை அக்கா கையால் நிரப்பும்படி காலியாக விட்டிருக்கிறேன். நல் வராதபடி ஆரம்ப மதிப்பு பூஜ்யம்.